ஒரு விளக்கின் நான்கு வீடுகள்

புள்ளியைத் தேடி – 11

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் டப்பா எதையும் ஒளித்துவைக்கக் கூடாது. கோட்டைக்குள்ளும் அப்படியே. பாரிமுனைப் பக்கம் ஒரு வேட்டை போடுங்கள் என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பாரற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா அங்கே கண்ணில் பட்டால் வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள், மோப்ப நாய் வரும், வழக்குக்காக ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு நகரங்களில் இப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் இந்த வாரம் கோட்டை, நீதிமன்றம், பாரிமுனை மூன்றிலும் எண்களைப் பொறுக்குவதோடு சரி. டப்பா வேறிடத்தில் இருக்கிறது.

தொடரில் நடுவே வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். சமிக்ஞையில் தானே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் அன்றிரவோடு 20 மீட்டருக்குள் வந்து நின்றன. மே 3ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களோடு நோட்டு ஒன்றையும் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் பெயர் எழுது என்பதுதான் விதி. ஜியோகேச்சிங் அப்படித்தான் பிறந்தது. அதில் பல கட்ட வேட்டை என்று ஒரு வகை உண்டு. முதல் புள்ளியில் டப்பா இருக்காது. ஒரு கேள்வி இருக்கும். அதன் விடையாக வரும் இலக்கங்கள் அடுத்த புள்ளிக்கு வழிகாட்டும். பழைய கட்டடங்களைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் அறியேன்.

இந்தப் பகுதிக்கான முதல் குறிப்புகளை எழுதியவன் என் அக்கா மகன். கட்டடக்கலை மாணவன். நீதிமன்றத்தின் முகப்பில் எத்தனை வளைவு, பெயர்ப் பலகையில் எத்தனை எழுத்து, கூரையில் எத்தனை கலசம் என்று எண்ணச் சொல்லும் கேள்விகள். “நல்லாத்தானே இருக்கு மாமா?” என்றான். கேள்விகளில் குறையில்லை. ஆனால் பலகையை நம்பி இந்த ஊரில் குறிப்பு எழுத முடியாது. சைனா பஜார் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையாகிவிட்டது. முதல் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலையாகிவிட்டது. சட்டக் கல்லூரிக் கட்டடம் அங்கேயே நிற்க, கல்லூரி 2018இல் நகருக்கு வெளியே போய்விட்டது. பலகையை விட்டுக் கல்லை எண்ணினாலும், எண்ணி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்ணெதிரே நிற்கிறது. இங்கே இருந்தது எங்கே போயிற்று என்று கேட்டால்தான் ஒருவர் நின்று யோசிப்பார். ஆகவே வேட்டையைப் புதிதாக எழுதினோம். ஒவ்வொரு புள்ளியிலும், அங்கிருந்து போய்விட்ட ஒன்றைத் தேட வேண்டும். அது போய்ச் சேர்ந்த இடமே அடுத்த புள்ளி.

இப்படித் தேடுவதற்குச் சென்னையில் கலங்கரை விளக்கத்தைவிட நல்ல பொருள் இல்லை. அந்த விளக்கு இதுவரை நான்கு வீடுகளில் குடியிருந்திருக்கிறது.

முதல் வீடு, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம். 1795இல் அதைக் கட்டியபோது அது வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் இடம். சரக்கு ஏலமும் கப்பல் செய்தியும் கடன் கணக்கும் அங்கேதான் புழங்கின. பிற்பாடு ராணுவ அதிகாரிகளின் உணவுக்கூடமாக இருந்து, 1948இல் அருங்காட்சியகமானது. உள்ளே போகிறவர்கள் வாளையும் பீரங்கிக் குண்டையும் நாணயத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் வேட்டைக்காரர்கள் வெளியே நின்று மாடியின் உச்சியைப் பார்க்க வேண்டும். 1796இல் அங்கேதான் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். அன்றைக்குச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையை ஏறிக் கடந்துபோய் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தன. இருட்டில் கரை எங்கே என்று தெரியாமல் நிற்கும் மாலுமிக்கு அந்த எண்ணெய் வெளிச்சம்தான் சென்னை. கேள்வி: விளக்கு இந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தது? 1844 என்ற ஆண்டை அடுத்த வீட்டில் கண்டுபிடித்தவர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டையை விட்டுப் போவதற்கு முன் இன்னொரு கேள்வி. அருகிலேயே புனித மேரி தேவாலயம். 1680இல் திறந்தது. அதன் முற்றத்தில் தளம் பாவியதுபோல் கல்லறைக் கற்கள் படுத்துக் கிடக்கின்றன. அவற்றில் எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லில் இருக்கும் ஆண்டு 1652. தேவாலயத்தைவிடக் கல்லறைக் கல் 28 வயது மூத்தது. எப்படி?

அக்கா மகன் அந்தக் கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். கற்களுக்கு நடுவே மேடு இல்லை, இரண்டு கற்களுக்கிடையே ஓர் ஆள் படுக்க இடமில்லை. “இதுக்குக் கீழ யாருமே இல்ல மாமா” என்றான். சரியாகச் சொன்னான். இந்தக் கற்கள் இங்கே பிறந்தவை அல்ல. வடக்கே, இன்றைய உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் பக்கத்தில் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. 1758 முடிவில் தொடங்கி 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கே உயர உயரமாய் நின்ற சமாதிகள் எதிரிகளுக்கு மறைப்பாகப் பயன்பட்டன. முற்றுகை முடிந்ததும் சமாதிகளை இடித்து, பெயர் பொறித்த கற்களை மட்டும் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்து பரப்பினார்கள். கற்கள் வந்துவிட்டன, அவற்றுக்கு உரியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வேட்டை இப்போது அவர்களைத் தேடி வடக்கே போகிறது.

உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்தின் வாசல்கள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒரு நாள் அடைத்துவைக்கிற வழக்கமும் அங்கே உண்டு. பொதுமக்கள் காலங்காலமாய் நடந்ததால் இது பொதுவழி என்று யாரும் உரிமை கோரிவிடக் கூடாதே என்பதற்காக. அந்த நாளில் போய் நிற்காதீர்கள்.

1892இல் திறந்த இந்தச் செங்கல் கட்டடத்தின் கோபுரங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அது நிற்கும் தரையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். இந்த வெளியில் ஓர் ஊரே இருந்தது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்ததும், கோட்டைக்கு இவ்வளவு அருகில் வீடுகள் இருப்பது ஆபத்து என்று மிச்சத்தை அவர்களே இடித்தார்கள். பட்டணத்தின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பேரி திம்மப்பா என்ற துபாஷியின் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலை ஊரார் பட்டணம் கோயில் என்றே அழைத்தார்கள். 1757இல் அது போயிற்று. சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் கதவையும் உத்தரத்தையும் பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்திருப்பார்கள். கோட்டையைக் காப்பாற்றுவதற்காக ஓர் ஊரைத் துடைத்தெறிந்த கதை, அந்தக் கோட்டையின் கதைக்குச் சமமான இடத்தைப் பாடப் புத்தகங்களில் பெற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இன்று அந்த மண்ணின்மீது வக்கீல்களின் இருசக்கர வாகனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

கோயில் எங்கே போயிற்று? மாற்று நிலம் கிடைத்து, மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியில், 1760களில் தொடங்கி, பூக்கடைக்கு அருகே தேவராஜ முதலி தெருவில் மீண்டும் எழுந்தது. பெருமாளுக்கு ஒரு கோயிலும் சென்ன மல்லீசுவரருக்கு ஒரு கோயிலுமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பூ, மாலை, கண்ணாடி, பூஜைச் சாமான் கடைகளின் நெரிசலில் தலையைத் தூக்கினால்தான் கோபுரம் தெரியும். நீதிமன்ற வாசலிலிருந்து நடக்கிற தூரம்தான். சாமி நடந்த தூரம் என்று எண்ணிக்கொண்டு நடந்துபாருங்கள். வேட்டையில் இது கிளைப்பாதை. இலக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் போய்வர வேண்டும்.

இடுகாட்டில் மிஞ்சியது கொஞ்சம்தான். சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் அருகே கூர்நுனி வைத்த ஒரு சமாதித் தூண் இன்னும் நிற்கிறது. ஜோசப் ஹின்மர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்காக எழுப்பியது அது. அவருடைய மனைவியை மறுமணம் செய்துகொண்டவர் சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இன்றும் சுமக்கும் பெயர். அவர்களுடைய சிறுவயது மகன் டேவிட் இறந்தபோது அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் பவுனி குடும்பத்தின் கல்லறையும் தப்பிப் பிழைத்தது. முற்றுகைக்கும் இடிப்புக்கும் தப்பிய அந்தத் தூண், வாகன நிறுத்தத்துக்கு இடம் வேண்டும் என்ற காரணத்தால் 2023இல் நீதிமன்றத்திலேயே வழக்குப் பொருளானது. இந்த வளாகத்தில் இடப்பெயர்ச்சி இன்னும் முடியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தூணில் இருக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஓர் இலக்கம்.

இனி, விளக்கின் இரண்டாவது வீடு. வளாகத்துக்குள்ளேயே தனியாக நிற்கும் பெரிய கருங்கல் கம்பம். கிரேக்க முறையில் டோரிக் தூணாக, 125 அடி உயரம். கேப்டன் ஜே.டி. ஸ்மித் என்ற பொறியாளர் வடிவமைத்தது. கல் பல்லாவரத்துக் கல். 1844 ஜனவரி முதல் நாளில் ஒளி கோட்டை மாடியை விட்டு இங்கே குடிவந்தது. கிட்டே போய் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தூணைச் சுற்றிலும் மேலிருந்து கீழாக ஓடும் குழிவு வரிகளை உளியால் செதுக்கியிருக்கிறார்கள். ஓர் அடுக்குக் கல்லில் தொடங்கிய வரி அடுத்த அடுக்கில் சற்றும் விலகாமல் தொடர்கிறது. பல்லாவரத்து மலையில் பாளம் பெயர்த்தவர், வண்டியில் ஏற்றி வந்தவர், சாரத்தில் ஏறி நின்று வரி சேர்த்தவர், யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆனால் இணைப்பில் விரலை ஓட்டினால் அவர்களுடைய கை தெரிகிறது. உச்சியில் விளக்குக் கூண்டு இப்போது இல்லை.

இங்கே அக்கா மகனுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய நில அளவை வரைபடத்தில் இந்தக் கம்பத்தின் எண்களைப் பார்த்து, அதையே கேள்வியாக்கினால் என்ன? கூடாது. காரணம் சுவையானது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கிய வேலைதான், பின்னால் நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரிய அளவையாக வளர்ந்தது. அதற்குத் தீர்க்கரேகை ஆதாரம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த சென்னை வானாய்வகம். அந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகை 80 பாகை 17 நிமிடம் 21 விநாடி என்று வைத்துக்கொண்டு வரைபடங்கள் எழுந்தன. பிற்காலத்தில் தந்தி வழியே நேரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது சுமார் 2 நிமிடம் 27 விநாடி கிழக்கே தள்ளிவிட்டது தெரிந்தது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர். அந்தப் பழைய எண்ணை அப்படியே கைபேசியில் போட்டால், இந்தக் கருங்கல் கம்பம் துறைமுகத்தையும் தாண்டி நடுக்கடலில் நிற்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி துல்லியமாய் அளந்த நாடு மொத்தமும் ஒரே அளவுக்கு நகர்ந்திருந்தது. அந்த அளவைக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. வியாழனின் நிலவுகள் மறைவதைப் பார்த்துக் கணக்கிட்டு அவ்வளவு அருகில் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். கம்பத்தைவிட உயரமாக நீதிமன்றம் எழுந்ததும், 1894இல் விளக்கு அதன் உச்சிக் கோபுரத்துக்கு ஏறியது. கீழே நியாயம், மேலே வெளிச்சம். தன் கண்ணெதிரே அடுத்த வீட்டில் விளக்கு எரிவதைக் கல் கம்பம் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நகரின் வேறெந்த இடத்திலும் பழைய வீட்டையும் புதிய வீட்டையும் இப்படி ஒரே பார்வையில் காண முடியாது.

கோபுரத்து விளக்கின் காலத்தில்தான் எம்டன் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு. போர்க்காலத்து இருட்டடிப்பு உத்தரவு இருந்தும் துறைமுகம் வெளிச்சமாகக் கிடந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் கப்பல் கரைக்கு 3,000 கெஜம் வரை நெருங்கி வந்து, 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டுப் பதித்திருக்கிறார்கள். தேதியின் இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைப் பக்கம் நின்றே படிக்கலாம்.

வடக்கே பாரிமுனை. 1788இல் வந்த வணிகர் தாமஸ் பாரியின் பெயர் இந்த முனைக்கு நிலைத்துவிட்டது. 1940இல் கட்டி முடித்த டேர் ஹவுஸை நிமிர்ந்து பார்க்கிறவர்கள், அதை ஒட்டி நிற்கும் சிறு கல்தூணைத் தவறவிடுவார்கள். நடைபாதைக் கடைக்காரர் ஒருவரிடம் “அண்ணே, இது என்ன கல்லு?” என்று அக்கா மகன் கேட்டான். “எல்லைக் கல்லு தம்பி. இதுக்கு அந்தாண்ட வூடு கட்டக் கூடாதுன்னு வெள்ளக்காரன் நட்டது” என்றார் அவர், கைப்பைகளை அடுக்கியபடியே. எந்த வழிகாட்டிப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. ஊரை இடித்து வெளியாக்கிய பிறகு, இனி யாரும் இந்த வெளிக்குள் கட்டக் கூடாது என்று ஆறு தூண்களை நட்டார்கள். அதில் எஞ்சிய ஒன்றுதான் இது. 1773 ஜனவரி 1 என்ற தேதி தாங்கியது. அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டிக் கோட்டைப் பக்கம் பாருங்கள். கட்டவே கூடாது என்று தடுத்த வெளியில்தான் நூறு ஆண்டுக்குச் சற்றுப் பின்னால் நகரின் மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்றை அரசே எழுப்பிக்கொண்டது. கோயிலுக்கும் வீடுகளுக்கும் அந்த மண் திரும்பக் கிடைக்கவில்லை.

இலக்கங்கள் சேர்ந்துவிட்டன. கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி லைட் ஹவுஸ் நிலையத்தில் இறங்குங்கள். கடலும் இதற்குள் இடம்பெயர்ந்திருப்பதை வழியில் எண்ணிப் பார்க்கலாம். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும், தெற்கிலிருந்து அலை கொண்டுவந்த மணல் சுவரில் தடைபட்டுத் தேங்கியது. கோட்டை மதிலுக்கு அருகே இருந்த அலை விலகிப் போக, மெரினா அகன்றது. கடற்கரை நிலையம் என்ற பெயர் தாங்கிய ரயில் நிலையத்தில் இன்று கரையும் இல்லை, கடலும் தெரியாது.

நான்காவது வீடு, 1977 ஜனவரியில் எரியத் தொடங்கிய மெரினா கலங்கரை விளக்கம். மூன்றாவது வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கே. சிவப்பு வெள்ளைப் பட்டைகள், முக்கோண வடிவம், உள்ளே மின்தூக்கி. பல ஆண்டு மூடிக் கிடந்து 2013இல் பொதுமக்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். மேலே ஏற நேரம் கிடைத்தால் ஏறுங்கள். வரிசை நீளமாக இருந்தால் கீழேயே நின்று கணக்குப் போடலாம். விளக்கு முதல் மூன்று வீடுகளிலும் எத்தனையெத்தனை ஆண்டு இருந்தது என்ற எண்களை வரிசையாக எழுதுங்கள். தேவாலயத்தை விடக் கல் எத்தனை வயது மூத்தது என்பதையும், சமாதித் தூணின் ஆண்டையும், எம்டன் தேதியையும் அதன்பின் சேருங்கள். இந்தப் பக்கத்தின் கீழே உள்ள கட்டத்தில் நிரப்பினால் சாந்தோம் பக்கம் ஒரு புள்ளி கிடைக்கும். நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று கூடியோ குறைந்தோ போனால் இரண்டு மீட்டருக்குள்தான் விலகும், தேடினால் அகப்படும். முதல் தசமம் அப்படித் தவறினால் 185 மீட்டர் போய்விடும். ஒரு நண்பர் வீட்டுச் சுற்றுச்சுவரில், அவர் அனுமதியோடு டப்பா இருக்கிறது. சுவரேறிக் குதிக்கத் தேவையில்லை. நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்தபடியே மூடி வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். கலங்கரை விளக்கத்தின் எதிரே மெட்ரோ ரயிலின் புதிய தடத்துக்கான வேலை நடக்கிறது. நீதிமன்ற வளாகத்திலும் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டேயிருக்கும். நீங்கள் போகிற அன்று கல் நகர்ந்திருக்கலாம், கல்வெட்டைச் சுவரொட்டி மறைத்திருக்கலாம், நடைபாதை திரும்பியிருக்கலாம். குறிப்பு பொருந்தாவிட்டால் வேட்டை கெட்டது என்று திரும்பிவிடாதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி, அங்கே இப்போது என்ன இருக்கிறது, எடுத்துப் போனது யார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதியனுப்புங்கள். பழைய குறிப்பை அழிக்க மாட்டோம். அதன் கீழே உங்கள் வரியைத் தேதியோடு சேர்ப்போம். அந்த வரியிலிருந்து அடுத்து வருகிறவர் தேடத் தொடங்கட்டும்.

அடுத்த வாரம் இதே கடற்கரையில் வடக்கே கொஞ்ச தூரம் நடக்கிறோம். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்காக 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு.